வகுப்பில் அடங்காத பிள்ளையும் பாடசாலைத் தண்டனையும்: உப்புவெளித் தாய் ஒருவருக்குப் பதில்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 9 வயது, தரம் 4. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டான். பலகையில் உள்ளதைப் பாதி எழுதிவிட்டு எழும்பிவிடுவான். பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரைப் பறிப்பான், ஆசிரியை கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைக் கத்துவான். போன மாதம் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பிள்ளையைத் தள்ளியதில் அந்தப் பிள்ளைக்கு நெற்றியில் காயம். பிரம்படி, வெளியில் நிறுத்துதல், இடைவேளையை வெட்டுதல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது "விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு பாடசாலை பாருங்கள்" என்கிறார்களாம். தகப்பன் கட்டாரில். மாமியாரோ "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தாய்" என்கிறார். தாய் கேட்பது மூன்று விஷயம்: இது குழப்படியா, வருத்தமா? பாடசாலையோடு எப்படிக் கதைப்பது? தண்டனையே கூடாது என்றால் பிள்ளை எப்படித் திருந்தும்?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. விடுகைப் பத்திரத்தை எடுக்காதீர்கள். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2016இல்தான் அந்த மேல் எல்லை 14இல் இருந்து 16 ஆனது. 9 வயதுப் பிள்ளைக்குப் படிப்பு மறுக்கிற அதிகாரம் ஒரு வகுப்பறைக்கு இல்லை. ஆனால் நீங்களாக விரும்பி எடுத்ததாகக் கடதாசியில் பதிந்துவிட்டால், அப்புறம் உங்கள் பக்கம் பேச இடமிருக்காது. மறுபடி அப்படிச் சொன்னால், "சரி சேர், காரணத்தை எழுத்தில் தாருங்கள், வலயக் கல்விப் பணிமனையில் ஒருக்கால் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். எழுத்தில் கேட்டாலே அநேகமான இடங்களில் அந்தக் கதை அத்தோடு நின்றுவிடும். பாடசாலை மாற்றுவதால் பிள்ளைக்குக் கிடைப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. புது இடத்தில் முதல் மாதம் வெட்கத்தில் அடங்கி இருப்பான். இரண்டாம் மாதம் பழைய கதை தொடங்கும், அதற்குள் இருந்த ஒன்றிரண்டு கூட்டாளிகளையும் இழந்திருப்பான்.

இனி, குழப்படியா வருத்தமா என்ற கேள்வி. திருகோணமலை வலயப் பாடசாலைகளில் நெடுங்காலம் ஆலோசனை வழிகாட்டல் வேலை செய்தவள் நான். ஆனாலும் எழுத்தில் படித்ததை வைத்து உங்கள் பிள்ளைக்குப் பெயர் சூட்டமாட்டேன், அது வைத்தியரின் வேலை. நீங்கள் விவரித்திருப்பது ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் கவனக்குறைவு மிகைச் செயற்பாட்டு நிலையோடு நிறையப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். உலக அளவில் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது இருக்கிறது. 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளில் சீக்கிரம் தெரிகிறது. பெண்பிள்ளைகள் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவதால் "மந்தம்" என்ற பெயரோடு தப்பிப் போகிறார்கள். அவர்களுக்கு அடி குறைவு, உதவி அதைவிடக் குறைவு.

வைத்தியர்கள் இதை ஒரு நாள் பார்வையில் முடிவு செய்யமாட்டார்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பாடசாலை என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையாகவே பாதிக்க வேண்டும். பாடசாலையில் மட்டும் குழப்படி, வீட்டிலும் டியூசனிலும் கோயிலிலும் சாதாரணம் என்றால் அந்த வகுப்பறையில் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

உங்கள் மாமியார் அடுத்ததாக என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "போனில் கார்ட்டூன் பார்க்கும்போது மட்டும் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறானே, அப்போது கவனம் எங்கிருந்து வருகிறது?" நியாயமான கேள்விதான். கார்ட்டூனில் ஒவ்வொரு வினாடியும் ஏதோ ஒன்று மாறுகிறது, பிள்ளையின் கவனத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. கணக்குக் கொப்பி யாரையும் பிடித்து வைக்காது, பிள்ளைதான் தன் கவனத்தை அதில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம் அந்த இடத்தில்தான். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் மூளைப்படங்களை ஒப்பிட்டு ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். மூளையின் வெளிப்புறப் படலம் பெரும்பாலான பிள்ளைகளில் ஏழரை வயதளவில் தன் உச்சத் தடிப்பை அடைகிறது. இந்தப் பிள்ளைகளில் அது பத்தரை வயதளவில் நடக்கிறது. வரிசை அதேதான், ஏறத்தாழ மூன்று வருடம் பிந்துகிறது. அதிகம் பிந்துவது கவனத்தையும் அடக்கத்தையும் பார்த்துக்கொள்கிற முன்பக்கப் பகுதிகள். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் மகன் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறான் என்றால் பதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

செல்லம் கொடுத்துக் கெடுத்த கதையும் பொருந்தாது. இது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. தகப்பனின் சிறுவயதுக் குழப்படிகளை மாமியாரிடமே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் கதை கதையாகச் சொல்லக்கூடும்.

ஆனால் இதே போலத் தோற்றம் காட்டுகிற வேறு காரணங்களும் இருக்கின்றன, இதில் அவசரப்படக் கூடாது. காதில் சளி கட்டி அரைகுறையாகக் கேட்கிற பிள்ளை சொன்னதைச் செய்யாது. பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளை பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்க்கும், அதற்கும் ஏச்சு வாங்கும். வாசிப்பில் சிரமமுள்ள பிள்ளை வாசிக்கச் சொல்லும் நேரம் பார்த்துத்தான் குழப்படி தொடங்கும், ஏனென்றால் எல்லோர் முன்னாலும் திக்கித் திணறுவதைவிட அடி வாங்குவது அதற்குச் சுலபம். இரும்புச்சத்துக் குறைவு, மூக்கடைப்பால் கெட்ட தூக்கம், சில வினாடிகள் மட்டும் நினைவு தவறுகிற ஒரு வகை வலிப்பு, இவையும் கவனத்தைக் கெடுக்கும். அப்புறம் பயம். வீட்டில் குடியும் சண்டையும் நடக்கிற பிள்ளை, யாராவது தொட்டுத் துன்புறுத்திய பிள்ளை எப்போதும் விறைத்துக்கொண்டே இருக்கும், தோளில் கை வைத்தாலே பாய்ந்து தள்ளும். மூதூர், சம்பூர்ப் பக்கத்தில் 2006இல் குண்டுச் சத்தத்துக்குள் ஓடிய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். அவர்களில் சிலருடைய தூக்கமும் கோபமும் இன்னும் சீராகவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையை மட்டும் தனியே பார்த்து முடிவுக்கு வரக்கூடாது.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஜனவரி 31க்குள் 5 வயது நிரம்பிய பிள்ளையைத்தான் நம் பாடசாலைகளில் தரம் 1இல் சேர்க்கிறோம். ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளைதான் வகுப்பில் ஆக இளையது. பக்கத்து மேசையில் இருக்கிற பெப்ரவரிப் பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தது. வகுப்பில் இளைய பிள்ளைகளுக்கே இந்தப் பெயர் அதிகம் விழுகிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உங்கள் மகன் தரம் 4 என்பதில் ஒரு வசதி இருக்கிறது. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருந்து வந்து பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். அன்றைக்கு நீங்களும் போங்கள். கண், காது, இரத்தசோகை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது முடிந்துவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம், பொது வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி அங்கிருந்து உளநலப் பிரிவுக்குத் துண்டு எடுங்கள். உளநலப் பிரிவு என்றதும் "பைத்திய ஆஸ்பத்திரி" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டுவிடுங்கள். மேலதிகமாகப் பார்க்க வேண்டுமானால் கொழும்பில் ரிஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள். இரவு ரயிலில் போய் வருகிற அலைச்சல்தான், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அது தேவைப்படாது.

சரி, தண்டனைக்கு வருவோம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இங்கேதான்.

இடைவேளை முடிந்த பாடவேளை. சித்திரை வெயில், மின்விசிறி சுடுகாற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, 38 பிள்ளைகள். ஆசிரியை சொல்கிறார்: "கணிதக் கொப்பியை எடுங்கோ, திகதி போடுங்கோ, நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து முதல் மூன்று கணக்கையும் செய்து, முடித்தவர்கள் கொண்டுவந்து காட்டுங்கோ." ஒரே மூச்சில் ஐந்து வேலை. மற்றப் பிள்ளைகள் ஐந்தையும் மனதில் பிடித்துக்கொள்கிறார்கள், அல்லது பக்கத்தில் பார்த்துச் சமாளிக்கிறார்கள். நம் பிள்ளை முதலாவதைப் பிடித்தான், கொப்பியை எடுத்தான். திகதி போடப் பென்சிலைத் தேடினான், அது மேசைக்குக் கீழே உருண்டு கிடந்தது. குனிந்தான். கீழே கூட்டாளியின் சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடந்தது. அதை இழுத்தான். அவன் உதைத்தான், இவன் திருப்பி உதைத்தான், மேசை ஆடியது. ஆசிரியை திரும்பிப் பார்க்கும்போது அவர் கண்ணில் படுவது அந்தக் கடைசி உதை மட்டும். அதற்குத்தான் பிரம்பு வருகிறது. பிள்ளைக்கோ தான் எங்கே பிழைத்தேன் என்பதே விளங்கவில்லை. பிழை நடந்தது ஐந்து வேலையில் நான்கு மனதில் நிற்காமல் போன இடத்தில். அந்த இடத்தை எந்தப் பிரம்பும் தொடவில்லை.

தெரிந்துகொண்டே செய்கிறான், பயம் வந்தால் நிறுத்துவான் என்ற கணக்கில்தான் தண்டனை கொடுக்கப்படுகிறது. நாளைய அடியை நினைத்து இன்றைய கையை அடக்குகிற திறன் இருந்தால்தானே அந்தக் கணக்குச் சரிவரும்? இந்தப் பிள்ளையில் வளரப் பிந்தியிருப்பதே அந்தத் திறன். "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லியே நாலு தலைமுறையை அடித்துவிட்டோம். இந்தப் பிள்ளைகளில் அடி விளைவிப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் தெரியும். முதலில் பொய் சொல்லப் பழகுவார்கள். அப்புறம் தாங்கள் கெட்ட பிள்ளைதான் என்று நம்பத் தொடங்குவார்கள். 13, 14 வயதில் அந்த நம்பிக்கையே பாடசாலையை விட்டு அவர்களை வெளியே கொண்டுபோய்விடும்.

வெளியில் நிறுத்துவதை எடுங்கள். கணக்கு விளங்காத பிள்ளையைக் கணக்குப் பாடத்தில் வெளியே அனுப்பினால் அவனுக்கு அது விடுதலை. வராந்தாவில் காற்று வருகிறது, கன்டீன் பக்கம் ஆட்கள் போகிறார்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் மான் மேய்கிறது. நாளைக்கும் அதே பாடவேளையில் அதே குழப்படி நடக்கும். ஆசிரியை தண்டனை என்று நினைப்பது பிள்ளைக்குப் பரிசாகிக்கொண்டிருக்கிறது. இடைவேளையை வெட்டுவது இன்னும் மோசம். ஓடி ஆடி உடம்பை ஆற்றிக்கொள்ளக் கிடைக்கிற ஒரே நேரம் அது. அதையும் எடுத்துவிட்டு அடுத்த இரண்டு பாடவேளை அடங்கி இரு என்றால் எப்படி இருப்பான்?

ஆசிரியையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 38 பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, ஒவ்வொரு பெற்றோரின் வாட்ஸ்அப் செய்தி. இப்படிப்பட்ட பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று பயிற்சிக் கல்லூரியில் அவருக்கு ஆழமாகச் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர் உங்கள் பிள்ளையை வெறுக்கிறார் என்று எடுத்தவுடன் நினைக்காதீர்கள். அநேகமாக அவர் களைத்துப் போயிருக்கிறார்.

அவர் செய்யக்கூடியது இருக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் காசும் தேவையில்லை, மேலதிக நேரமும் தேவையில்லை. பிள்ளையின் இருக்கையை முன்வரிசைக்கு, ஜன்னலும் கதவும் இல்லாத பக்கம், அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் மாற்றலாம். கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லலாம், அல்லது பலகையில் ஒன்று, இரண்டு என்று எழுதிவிடலாம். அது மற்ற 37 பிள்ளைகளுக்கும் நல்லது. பத்துக் கணக்கை ஒரே தாளில் கொடுப்பதற்குப் பதிலாக மூன்று கொடுத்துப் பார்த்துத் திருத்தி, அடுத்த மூன்றைக் கொடுக்கலாம். அசைவதற்கு ஒரு மரியாதையான வழி வேண்டும்: பலகை அழிப்பது, கொப்பி சேர்ப்பது, வரவுப் பதிவேட்டைக் காரியாலயத்தில் கொடுத்துவிட்டு வருவது. தளம்பத் தொடங்கும்போது பெயரைச் சொல்லிக் கத்தாமல் மேசையில் இரண்டு தரம் விரலால் தட்டிவிட்டுப் போகலாம். அது இருவருக்கும் மட்டும் தெரிந்த சைகையாக இருக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியம், சரியாகச் செய்கிற நிமிடத்தைப் பிடித்துச் சொல்வது. "இப்போது கையை உயர்த்திவிட்டுக் கேட்டாய், நல்லது." காலையில் இருந்து பகல் வரை ஏச்சு மட்டுமே கேட்கிற பிள்ளைக்கு ஏச்சு வெறும் சத்தமாகிவிடும்.

இவற்றோடு ஒரு சின்ன அட்டை. உலகம் முழுக்க இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் பாவிக்கிற முறை இது, நம் பாடசாலைக்கும் நன்றாகப் பொருந்தும். கொப்பி மட்டையில் வெட்டிய துண்டு போதும். இடப்பக்கம் மூன்று வரி: "கையை உயர்த்திவிட்டுக் கதைத்தேன்", "தந்த வேலையை முடித்தேன்", "என் கையும் காலும் என் இடத்தில் இருந்தன". செய்யக்கூடாததை எழுதாமல் செய்ய வேண்டியதை எழுத வேண்டும். மேலே பாடவேளைகள். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியை ஒரு சரி அடையாளம் போடுவார், அல்லது வெறுமையாக விடுவார். பத்து வினாடி வேலை. பிள்ளை அட்டையை வீட்டுக்குக் கொண்டுவருவான். அன்று மாலையே நீங்கள் எண்ணிப் பார்த்து, பேசிக்கொண்ட அளவு வந்திருந்தால் பேசிக்கொண்டதைக் கொடுக்க வேண்டும்: கடற்கரையில் அரை மணித்தியாலம் சைக்கிள், அல்லது அப்பாவோடு வீடியோ கோலில் முதலில் கதைக்கிற உரிமை. காசும் இனிப்பும் வேண்டாம். மாத முடிவில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பதும் வேண்டாம், அவ்வளவு தூரம் அவன் மனம் போகாது. முதல் வாரம் பாதி அடையாளம் கிடைத்தாலே வெற்றி என்று வைத்து, அவனால் எட்டக்கூடிய அளவில் தொடங்குங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். குறைந்த நாளில் அடி, ஏச்சு, உபதேசம் எதுவும் கிடையாது. "சரி, நாளைக்குப் பார்ப்போம்", அவ்வளவுதான். அட்டை பிள்ளையை அடிக்கும் ஆதாரமாகிவிட்டால் மூன்றாம் நாள் அது வாய்க்காலில் கிடக்கும்.

பிறகு அந்த நெற்றிக் காயம். தண்டனை கூடாது என்றால் அதை விட்டுவிடுவதா? விடக்கூடாது. காயப்பட்ட பிள்ளைக்கும் தாய் இருக்கிறார், அந்தத் தாய் கேட்பதும் நியாயம். விளைவு இருக்க வேண்டும், அது சிறியதாக, உடனடியாக, செய்த காரியத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். தள்ளியவன் அந்தப் பிள்ளையை முதலுதவிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும், பையைத் தூக்கிக் கொடுக்கட்டும், கோபம் ஆறியபின் மன்னிப்புக் கேட்கட்டும். அடுத்த ஒரு வாரம் இடைவேளையில் தண்ணீர் குடிக்க ஆசிரியையோடோ மாணவர் தலைவரோடோ போகட்டும். நீங்களும் அந்தத் தாயின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். இன்னும் போகவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். குழாயடியில் ஏன் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நூறு பிள்ளைகள் இரண்டு குழாய்க்கு நெருக்கினால் வரிசையில் காத்திருக்கத் தெரியாத பிள்ளை தள்ளத்தான் செய்யும். அவனை ஐந்து நிமிடம் முந்தி விட்டால் அந்தப் பிரச்சினை அங்கேயே தீரலாம். நடப்பதற்கு முன் என்ன இருந்தது, என்ன நடந்தது, பின் அவனுக்கு என்ன கிடைத்தது: இந்த மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவைக்கச் சொல்லி ஆசிரியையிடம் கேளுங்கள். எந்த நேரம், எந்தப் பாடம், யார் பக்கத்தில் என்று ஒரு ஒழுங்கு தானாகத் தெரியவரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்திருங்கள், ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குள் நுழையாதீர்கள். பிரித்தானியர் காலத்து 1939 சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் பிள்ளையைத் தண்டிக்கும் உரிமையை ஆசிரியருக்கும் விட்டுவைத்தது. அந்த நினைப்பு இன்னும் நம்மிடம் போகவில்லை. ஆனால் 1991இல் இலங்கை ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ பிரிவு சேர்ந்து சிறுவர் கொடுமை தனிக் குற்றமானது. கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் காதில் அறைந்ததால் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது கொடூரமான, இழிவான நடத்துகையில் இருந்து காக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று தீர்த்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்றது. பிள்ளைக்குத் தழும்பு விழும்படி அடித்தால், காதில் அறைந்தால், அன்றே வைத்தியசாலையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் திருகோணமலையிலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவுக்குக் காலம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

அந்த அளவுக்குப் போக வேண்டிய நிலையை உங்கள் எழுத்தில் நான் காணவில்லை. அதனால் கதைக்கும் வழியைச் சொல்கிறேன். காலை ஒன்றுகூடலுக்கு முன்போ, பாடசாலை விடுகிற நெரிசலிலோ ஆசிரியையைப் பிடிக்காதீர்கள். ஒரு நாள் முந்தி நேரம் கேட்டு, முதலில் வகுப்பாசிரியையிடம் தனியே போங்கள். நேராக அதிபரிடம் போனால் தன்மேல் முறைப்பாடு வந்துவிட்டது என்று அவர் நினைப்பார், பிறகு மனம் திறக்கமாட்டார். கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். பிள்ளைக்கு என்ன நன்றாக வரும் என்று இரண்டு வரி, என்ன சிரமம் என்று இரண்டு வரி, வீட்டில் எது வேலை செய்கிறது என்று இரண்டு வரி, வைத்தியரிடம் எப்போது காட்டப்போகிறீர்கள் என்று ஒரு வரி. பிறகு உங்கள் வேண்டுகோள், இரண்டுக்கு மேல் வேண்டாம்: இருக்கையும் அட்டையும். "மிஸ், நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும், நான் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கோ, செய்கிறேன். அடிக்காமல் ஒரு மாதம் இதைச் செய்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். தவணைத் தொடக்கம் என்றால் இன்னும் நல்லது. கதைத்ததைத் திகதி போட்டு எழுதிவையுங்கள். ஒரு மாதத்தில் அசைவு இல்லை என்றால் பகுதித் தலைவர், பிறகு அதிபர், பிறகு வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பிரிவு என்று படிப்படியாகப் போங்கள். விசேட கல்வி அலகு என்ற தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், உங்கள் மகனைப் போன்ற பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாதாரண வகுப்பே சரியான இடம்.

வைத்தியர் பெயர் சொல்லிவிட்டால் அதைப் பாடசாலைக்குச் சொல்வதா என்றும் யோசிப்பீர்கள். ஆசிரியைக்கும் அதிபருக்கும் சொல்லுங்கள், மற்றப் பெற்றோருக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையைப் பற்றிய வைத்தியத் தகவல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரக்கூடாது என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. 6 வயதுக்கு மேல், வேறு வழிகள் போதாதபோது, வைத்தியர்கள் மெதைல்பெனிடேட் குளிசை எழுதுவதுண்டு. சாதாரணக் குளிசை ஒன்று நாலு மணித்தியாலம் அளவில் வேலை செய்யும், காலைப் பாடங்களுக்குப் போதும். பசி குறையலாம், தூக்கம் பிந்தலாம். அதனால் உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். பிள்ளையை மயக்கிப் போடுகிற மருந்து என்று ஊரில் சொல்வது பிழை. அப்படி மந்தமாக இருந்தால் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம், அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசை கவனத்துக்கு உதவும். வரிசையில் நிற்கவும் மன்னிப்புக் கேட்கவும் நாம்தான் பழக்க வேண்டும்.

வீட்டில் மாமியாரைப் பகைக்காதீர்கள். நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான். கிளினிக்குக்கு ஒரு முறை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொன்னால் ஏறாத விஷயம் வைத்தியர் சொன்னால் ஏறும். கணவருக்கு அழைக்கும்போது "இன்றைக்கும் குழப்படி" என்று தொடங்காதீர்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறவருக்கு ஏசுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அட்டையைக் கமெராவில் காட்டுங்கள், இருக்கிற சரி அடையாளங்களைப் பற்றி அவர் கேட்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு போனை வாங்கிவிடுங்கள், தூக்கம் கெட்ட மறுநாள் எந்த அட்டையும் நிற்காது.

அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்ற பயத்தை இப்போதே அவன் தலையில் ஏற்ற வேண்டாம். அது உதவிப் பணத்துக்கும் பெரிய பாடசாலைகளில் தரம் 6 அனுமதிக்குமான பரீட்சை. அதில் புள்ளி குறைந்தால் படிப்பு நிற்காது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் போன்ற வசதிகளைக் கொடுப்பதுண்டு. வைத்திய அறிக்கை கையில் வந்தால் விண்ணப்பிக்கும் காலத்தை அதிபரிடம் நேரத்தோடு கேட்டுவையுங்கள். மாலையில் மூன்று டியூசனுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இரண்டை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கடலுக்கோ பந்துக்கோ கொடுங்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை போதும்: காயப்பட்ட பிள்ளையின் வீடு, வெளிநோயாளர் பிரிவில் துண்டு, ஆசிரியைக்கு அந்த ஒரு பக்கக் கடிதம். கடிதத்தை எழுதிவிட்டு அனுப்புங்கள், ஆசிரியை கையில் கொடுக்கும் முன் நானும் ஒரு முறை வாசித்துச் சொல்கிறேன்.